விண்ட்சரில் தோற்ற வேட்டை: ஒரு சிவிங்கிப்புலி ஓவியத்தின் கதை

1764 ஜூன் 30, சனிக்கிழமை. லண்டனுக்கு மேற்கே விண்ட்சர் அரசப் பூங்காவில் ஒரு திடலைச் சுற்றி வலை கட்டி, உள்ளே பருத்த ஆண்மான் ஒன்றை விட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரு விலங்கை நடத்திக் கொண்டு வந்தார்கள். அதன் கண்ணைத் துணிக் குல்லா மூடியிருந்தது. வேடிக்கை பார்க்க கம்பர்லாண்ட் பிரபு வந்திருந்தார், அவர் அரசர் மூன்றாம் ஜார்ஜின் சித்தப்பா. குல்லாவைக் கழற்றி விலங்கை விட்டதும் அது மானின் மேல் பாய்ந்தது. மான் கொம்பால் தள்ளியது. மறுபடி பாய்ந்தது, மறுபடியும் அதே கதி. மூன்றாம் முறை மான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு பின்னாலேயே துரத்தியது. விலங்கு வலைக்கு அடியில் புகுந்து காட்டுக்குள் ஓடிவிட்டது.

அன்றைய லண்டன் பத்திரிகைகள் இதை 'புலி' என்றே எழுதின. வேட்டைப்புலி. உண்மையில் அது சிவிங்கிப்புலி.

இந்தச் சம்பவத்திலிருந்து பிறந்த ஓவியம் இன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். எண்ணெய் வண்ணம், கான்வாஸ், ஏறத்தாழ 183 செ.மீ. உயரம், 275 செ.மீ. அகலம். இடது பக்கம் சிவிங்கிப்புலி, அதைப் பிடித்தபடி குனிந்திருக்கும் ஒருவர், பக்கத்தில் நின்று கையை நீட்டி மானைக் காட்டும் இன்னொருவர், வலது பக்கம் மான். அவ்வளவுதான் படம். பாய்ச்சல் கிடையாது, ரத்தம் கிடையாது. இதைப் பல வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் வரும்: ஊரே பார்த்த ஒரு தோல்வியை வரையச் சொன்னால், ஸ்டப்ஸ் ஏன் தோல்விக்கு முந்திய நொடியை வரைந்தார்? அன்று திடலில் என்ன தவறு நடந்தது என்று புரிந்தால் இதற்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன், அதனால் முதலில் அங்கிருந்தே போகலாம்.

சரி, சிவிங்கிப்புலி இங்கிலாந்துக்கு எப்படிப் போனது? சென்னை வழியாகத்தான் கதை. ஜார்ஜ் பிகாட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1755 முதல் 1763 வரை மதராஸ் கவர்னராக இருந்தார். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்து நின்றவர் இவர். 1761இல் புதுச்சேரி விழுந்ததும் அதன் கோட்டை கொத்தளங்களை இடிக்க வைத்தவரும் இவர்தான். பெரும் பணத்தோடும், பின்னாளில் 'பிகாட் வைரம்' என்று பேர் வாங்கிய கல்லோடும் ஊர் திரும்பினார். அரசருக்குக் காணிக்கையாக அவர் கொடுத்ததுதான் இந்தச் சிவிங்கிப்புலி. சென்னையிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டு போக ஆறு மாதம் பிடிக்கும் காலம் அது. ஒரு தப்படிக்கும் இடமில்லாத மரக் கப்பலில், ஓடுவதற்கென்றே உடம்பு அமைந்த ஒரு மிருகம் அத்தனை மாதம் கட்டுண்டு கிடந்திருக்கிறது. இதை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அரசர் அதைத் தன் சித்தப்பாவிடம் ஒப்படைத்தார். கம்பர்லாண்ட் பிரபு விண்ட்சர் பூங்காவின் பொறுப்பாளர், அங்கே சொந்தமாக விலங்குச்சாலையும் வைத்திருந்தார். 1746இல் ஸ்காட்லாந்தில் கல்லோடன் போரில் கிளர்ச்சிக்காரர்களை ஈவிரக்கமின்றி நசுக்கியதற்காக 'கசாப்புக்காரர்' என்று பேர் எடுத்தவர். இந்திய அரசர்கள் சிவிங்கிப்புலியை வைத்து மான் வேட்டையாடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் அதை இங்கேயும் நடத்திப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் சீட்டா என்கிறார்கள். புள்ளி போட்டது என்ற பொருளுள்ள வடமொழிச் சொல்லிலிருந்து இந்தி வழியாகப் போன பெயர் அது. 1764இல் லண்டன்காரர்களிடம் அந்தப் பெயர் இல்லை, அதனால் புலி என்று எழுதினார்கள். தமிழில் நமக்குத் தனிப்பெயரே இருக்கிறது, சிவிங்கி. சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தையின் உடம்பில் இருப்பது பூப்பூவான வளையங்கள், சிவிங்கிக்கு முழுக் கரும்பொட்டுகள். சிவிங்கியின் கண்ணோரத்திலிருந்து வாய் வரைக்கும் மை வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு இறங்கும், சிறுத்தைக்கு அது கிடையாது. 2022இல் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் வந்து இறங்கியபோதுகூட நம்மில் பலர் சிறுத்தை என்றே பேசினோம். சொந்தப் பெயர் கையில் இருக்கும்போது அதை விட்டுவிடக் கூடாது.

இப்போது அந்தத் திடலுக்கு வருவோம். வேட்டை ஏன் தோற்றது?

சிவிங்கி வேட்டை இந்தியாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்து வைத்திருந்தார் என்று அவர் மகன் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். அந்த வேட்டைக்கு ஒரு முறை உண்டு. குட்டியிலிருந்து வளர்த்த சிவிங்கி உதவாது, தாயிடம் வேட்டை கற்ற வளர்ந்த விலங்கைக் காட்டில் பிடித்துத்தான் பழக்குவார்கள். கண்ணைக் குல்லாவால் மூடி மாட்டுவண்டியில் உட்கார வைத்து வெட்டவெளிக்குக் கொண்டு போவார்கள். வண்டியைப் பார்த்துப் பழகிய மான்கள் அதற்கு அவ்வளவாக மிரளாது, அதனால் கிட்டத்தில் போக முடியும். குல்லாவை எடுத்ததும் சிவிங்கி மானைப் பார்க்கும், இறங்கும், பதுங்கும், அப்புறம் ஓட்டம். மானைப் பிடித்துவிட்டால் பழக்குபவர் ஓடிப்போய் ரத்தத்தையோ தொடையையோ பங்காகக் கொடுத்து, அது தின்னும் நேரத்தில் மறுபடி குல்லாவை மாட்டிவிடுவார். பிடிக்காமல் போனால் சிவிங்கி அதோடு விட்டுவிடும், விடாப்பிடியாகத் துரத்திக்கொண்டே போவது அதன் குணம் அல்ல.

இந்த முறையில் வழக்கமாக விழுவது வெளிமான். திருகு கொம்பு வைத்த அந்த மான் பெரும்பாலும் 25 முதல் 45 கிலோ வரை இருக்கும். சிவிங்கியே 35இலிருந்து 60 கிலோவுக்குள் அடங்கும் மிருகம். ஐரோப்பிய ஆண் செம்மான் நன்றாக வளர்ந்தால் 160 கிலோவுக்கு மேலேயே போகும், 200ஐத் தாண்டுவதும் உண்டு. விண்ட்சரில் கட்டி வைத்த போட்டி எவ்வளவு ஏறுக்குமாறானது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

எடையை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. சிவிங்கி அடித்து வீழ்த்தும் மிருகம் அல்ல, தடுக்கி விழ வைக்கும் மிருகம். மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பாய்ந்து, ஓடுகிற இரையின் பக்கத்தில் போய் முன்காலால் அதன் பின்காலைத் தட்டிவிடும். இரை தன் வேகத்தாலேயே நிலை தவறி உருளும், உடனே தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும். அதாவது இரை ஓட வேண்டும். ஓடாமல் திரும்பி நின்று எதிர்த்தால் சிவிங்கிக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அதன் தாடை புலியினுடையது போல வலுவானதல்ல, நகம் பூனை மாதிரி முழுசாக உள்ளே இழுபடாது, ஓட்டத்தில் மண்ணைப் பற்றுவதற்கென்று அமைந்த நகம் அது. ஒரு கால் உடைந்தால் அதன் வாழ்க்கையே முடிந்தது, ஆகவே அடிபடும் நிலை வந்தால் விலகிக்கொள்வதுதான் அதன் இயற்கை. விண்ட்சரில் என்ன செய்தார்கள்? சுற்றி வலை கட்டி மான் ஓட வழியில்லாமல் அடைத்தார்கள். போக இடம் இல்லாத ஆண்மான் என்ன செய்யும், தலையைத் தாழ்த்திக் கொம்பை நீட்டிக்கொண்டு நிற்கும். வேட்டையின் உயிரே ஓட்டம்தான் என்று புரியாதவர்கள் போட்ட ஏற்பாடு. பழக்குகிற இரண்டு பேருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம், ஆனால் பிரபு கட்டச் சொன்ன வலையை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை.

இதற்குச் சாட்சி அன்றைக்கே நடந்த மிச்சக் கதை. வலைக்கு வெளியே ஓடிய சிவிங்கி காட்டில் ஒரு மான் கூட்டத்தைக் கண்டது. இங்கிலாந்துப் பூங்காக்களில் மந்தையாக மேயும், உடம்பில் பெரியதல்லாத மான் வகை அது. கண்டதும் அதில் ஒன்றைப் பிடித்து நொடியில் கொன்றுவிட்டது. ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு இந்தியர்களும் கிட்டே போய்க் குல்லாவை மாட்டி, கழுத்துப்பட்டை போட்டு நடத்திக்கொண்டு வந்தார்கள். அறிமுகமே இல்லாத காட்டில், கட்டவிழ்ந்த மிருகம் இரையின் மேல் இருக்கும்போது பக்கத்தில் போய்க் கண்ணைக் கட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், அதற்கும் இவர்களுக்கும் நடுவில் எவ்வளவு பழக்கம் இருந்திருக்க வேண்டும்! அன்று விண்ட்சரில் தன் தொழிலைச் சரியாகச் செய்தவர்கள் மூன்று பேர்தான், இந்த இரண்டு மனிதர்களும் சிவிங்கியும்.

அந்த மூன்று பேரைத்தான் ஸ்டப்ஸ் வரைந்தார்.

ஸ்டப்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1724இல் லிவர்பூலில் பிறந்தவர், அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். யார்க் நகரில் இருந்தபோது உடற்கூறு படித்தார், பேறுகால மருத்துவ நூல் ஒன்றுக்குப் படம் செதுக்கிக் கொடுத்தார். பிறகு லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற ஊரில் ஒரு பண்ணை வீட்டில் ஒதுங்கி, ஒன்றரை வருடம் செத்த குதிரைகளை அறுத்து, ஒவ்வொரு தசையாக உரித்து, எலும்பு வரைக்கும் போய் வரைந்தார். அந்த நாற்றத்தில் வேறு யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. 1766இல் அந்த வரைபடங்கள் குதிரை உடற்கூறு நூலாக வந்தன. அதற்குள்ளாகவே அவர் பெரிய மனிதர்கள் தேடி வரும் விலங்கு ஓவியர் ஆகிவிட்டார். அரசி சார்லட்டின் வரிக்குதிரையை 1763இல் வரைந்தார். பிறகு நீலான், கங்காரு, காண்டாமிருகம் என்று அந்நாட்டார் அதிகம் பார்த்திராத மிருகங்கள் பல அவர் தூரிகைக்கு வந்தன.

இவருடைய இன்னொரு முகம், சிங்கம் குதிரையைத் தாக்கும் படங்கள். 1760களின் தொடக்கத்தில் ஆரம்பித்து முப்பது வருடம் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ரோமில் உள்ள ஒரு பழைய பளிங்குச் சிலைதான் அதற்கு மூலம் என்பார்கள், அவர் 1754இல் ரோமுக்குப் போயிருந்தார். குதிரையின் விழி பிதுங்குகிறது, பிடரி சிலிர்க்கிறது, பின்னால் இருண்ட பாறை. பயத்தைக் கலையாக்குவது, காட்டின் கொடுமையில் ஒரு பேரழகைக் காண்பது, இதையெல்லாம் ரொமாண்டிக் இயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் கொடியாகப் பிடித்தது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ ஸ்டப்ஸின் சிங்கம்-குதிரைக் காட்சியைப் பார்த்து வரைந்த படம் லூவ்ரில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் ஸ்டப்ஸை ரொமாண்டிக் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்கும். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. காட்டு மிருகத்தை வெறும் அலங்காரமாகப் பார்க்காமல், அதற்குள் ஓடும் உயிரை எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவரும் வேலையை அவர்களுக்கு முன்பே தொடங்கியவர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு பிகாட்டிடமிருந்து இந்த வேலை வந்தது. பாய்ச்சலும் ரத்தமும் வரைவதில் அவரை விஞ்ச ஆள் இல்லை. மான் சிவிங்கியைத் தூக்கி எறிவதை வரைந்திருந்தால் ஊரே பேசியிருக்கும். ஆனால் பணம் கொடுப்பவர் தன் காணிக்கை அவமானப்பட்ட காட்சியையா கேட்பார் என்று ஒரு காரணம் சொல்லலாம், அது உண்மையும்தான். அதோடு நிறுத்திக்கொண்டால் படத்தைப் பார்க்காமல் பேசுகிறோம் என்று அர்த்தம்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிந்திருப்பவர் ஒரு கையால் சிவிங்கியின் இடுப்பைச் சுற்றிய சிவப்புத் துணிப் பட்டையைப் பிடித்திருக்கிறார், இன்னொரு கை தலையிலிருந்து சிவப்புக் குல்லாவைப் பின்னால் தள்ளுகிறது. அந்த நொடியில்தான் அதற்குக் கண் திறக்கிறது. தலை சிறியது, நெஞ்சுக்கூடு ஆழமானது, வயிறு ஒட்டிப் போயிருக்கிறது, கால்கள் நீளம், கண்ணிலிருந்து இறங்கும் கறுப்புக் கோடு துல்லியம். ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் வரைந்த புலி, சிங்கம் எல்லாம் மனித முகம் வைத்த பொம்மை மாதிரி இருக்கும், இது அப்படி இல்லை. தோலுக்கு அடியில் எந்தத் தசை எங்கே இழுபடுகிறது என்று தெரிந்த கை வரைந்தது இது. உடம்பு முழுக்க முன்னோக்கித் தயாராக இருக்கிறது, ஆனாலும் இன்னும் நகரவில்லை.

நிற்பவர் கை நீட்டி மானைக் காட்டுகிறார். அதோ பார், போ என்று சொல்லும் கை. அவர் பார்ப்பது சிவிங்கியை, சிவிங்கி பார்ப்பது மானை, மான் பார்ப்பது இவர்களை. மூன்று பார்வையும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு நிற்க, நடுவில் வெறும் வெளி. சண்டைக் காட்சி எதிலும் கிடைக்காத ஒரு இறுக்கம் அந்த வெளியில் இருக்கிறது. பிரபு இல்லை, வலை இல்லை, கூட்டமும் இல்லை. அந்த மூன்றும்தான் வேட்டையைக் கெடுத்தவை, மூன்றையும் ஸ்டப்ஸ் எடுத்துவிட்டார். பின்னால் தெரிவது விண்ட்சர் பூங்காவே இல்லை, பாறையும் குன்றுமாக ஒரு கற்பனை நிலம். சிவிங்கிக்கு ஓட வெளியும், மனிதர்களுக்கு அவர்கள் தொழிலைச் செய்ய இடமும் கொடுத்திருக்கிறார். திடலில் தோற்றது அந்த மிருகம் அல்ல, ஏற்பாடுதான் தோற்றது என்பது விலங்கின் உடம்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. இது என் வாசிப்பு, ஆனால் படம் இதற்குத்தான் இடம் கொடுக்கிறது.

அந்த இரண்டு மனிதர்களின் முகங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச ஆசை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியத்தில் கறுத்த தோல் கொண்டவர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருப்பார்கள், தட்டு ஏந்துவார்கள், குடை பிடிப்பார்கள், எஜமானைப் பார்த்து நிற்பார்கள். இங்கே எஜமானே கிடையாது. தலைப்பாகை, வெள்ளை உடை, இடைக்கச்சை, எல்லாம் மடிப்பு மடிப்பாகக் கவனித்து வரையப்பட்டிருக்கின்றன. இரண்டு பேரும் இரண்டு தனி ஆள்கள், ஒரே முகத்தைத் திருப்பி வைத்து ஒப்பேற்றவில்லை. முகத்தில் பணிவுக்குப் பதில் வேலை மேல் இருக்கும் கவனம் தெரிகிறது. குதிரைக்காரர்களையும் ஸ்டப்ஸ் இப்படித்தான் வரைவார், பந்தயக் குதிரையின் சொந்தக்காரரை விட அதைத் தேய்த்துக் குளிப்பாட்டும் பையனுக்கு அதிக மரியாதை கொடுப்பார். இருந்தும் 1765இல் லண்டன் ஓவியர் சங்கக் கண்காட்சியில் வைத்தபோது படத்தின் பெயர் 'ஒரு வேட்டைப்புலியின் உருவப்படம்'. மனிதர்கள் இரண்டு பேரும் தலைப்பிலேயே இல்லை. இன்று தலைப்பில் 'இரண்டு இந்தியப் பணியாளர்கள்' என்று சேர்ந்திருக்கிறார்கள், அதிலும் பெயர் இல்லாமல். பணியாளர் என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அவர்கள் கைத்தேர்ச்சி பெற்ற தொழில்காரர்கள், அந்தத் தொழிலை அந்தத் தீவில் வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

மானைப் பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள் பேச்சு உண்டு, விண்ட்சர் மானா, நம் ஊர்க் கடமான் சாயலா என்று. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? கம்பர்லாண்ட் பிரபு 1765 அக்டோபரிலேயே இறந்துபோனார். பிகாட் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பெரிய மாளிகை வாங்கி உட்கார்ந்தார், பட்டம் வாங்கினார், ஆனால் 1775இல் மறுபடி மதராஸ் கவர்னராக வந்து சேர்ந்தார். தஞ்சாவூரை ஆற்காடு நவாபிடமிருந்து எடுத்து மராட்டிய அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் அவருக்கும் அவர் கவுன்சிலுக்கும் பகை முற்றியது. நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்களின் பணம் தஞ்சாவூர் வருமானத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. 1776 ஆகஸ்டில் கவுன்சில்காரர்களே கவர்னரைக் கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே செத்துப்போனார். உடல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானது. கோட்டைக்குப் போகிறவர்கள் அந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்தால் இந்தக் கதையின் ஒரு நுனியில் நிற்பார்கள். ஓவியம் பிகாட் குடும்பத்தில் இரு நூற்றாண்டு இருந்து, 1970இல் மான்செஸ்டர் நகரக் கலைக்கூடத்துக்கு வந்தது.

சிவிங்கிகளின் கதை இதைவிடச் சோகம். காட்டிலிருந்து பிடித்துக்கொண்டே இருந்தார்கள், அடைத்து வைத்த விலங்குகள் குட்டி போடவில்லை. ஜஹாங்கீர் காலத்தில் 1613இல் ஒரு ஈனல் நடந்தது, அதற்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் கூண்டில் சிவிங்கி குட்டி போட்டதாகப் பதிவாக 1956 வரை, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா விலங்குக் காட்சிசாலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிடித்து வைத்த ஒவ்வொன்றும் காட்டுக்கு நிரந்தர இழப்பு. புல்வெளிகள் வயலாகின, வெளிமான் குறைந்தது, துப்பாக்கியும் வந்து சேர்ந்தது. 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கோரியாவின் அரசர் மூன்று சிவிங்கிகளை ஒரே இரவில் சுட்டார், 1952இல் இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போனது என்று அறிவித்தார்கள். இப்போது மத்தியப் பிரதேசத்தில் குனோவில் இருப்பவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையும் அவற்றின் குட்டிகளும்தான். ஆசியச் சிவிங்கி ஈரானில் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவில் மிஞ்சியிருக்கிறது.

ஆகவே, இந்தியச் சிவிங்கி ஒன்றை உயிரோடு நெருங்கிப் பார்த்து, எலும்பும் தசையும் அறிந்த ஒருவர் ஆளுயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படம் என்று எடுத்துக்கொண்டால், இதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. மான்செஸ்டருக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர்கள் அதன் முன்னால் நின்று மானை விட்டுவிட்டு, குனிந்திருப்பவரின் குல்லாவைத் தள்ளும் கையைப் பாருங்கள். குல்லா பாதிதான் விலகியிருக்கும்.